ராட்டினத்தின் உச்சியிலிருந்து பேசியது

என் கணவர் சைக்கிளில் முன்னால் போவார், நான் பின்னால் போவேன். பின்புறம் வண்டி வந்தால் நான் மணியடிக்க வேண்டும். மணி கேட்டது என்பதற்கு அவர் இடது கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். இதுதான் எங்களுக்குள் ஒப்பந்தம்.

அவருக்கு அறுபத்தாறு வயது, எனக்கு அறுபத்தொன்று. இருவரும் நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். அவர் ஃபிட்டர். நான் ஸ்பின்னிங்கில் சைடு பார்த்தவள். அதாவது, ஓடுகிற மிஷினின் ஒரு பக்கம் முழுக்க நடந்துகொண்டே இருக்க வேண்டும், அறுகிற நூலையெல்லாம் ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முப்பது வருடம் சைக்கிளில்தான் மில்லுக்குப் போய்வந்தோம். அந்தப் பழக்கம் காலை விட்டுப் போகவில்லை. வருடத்துக்கு ஒருமுறை, மழை ஓய்ந்து வெயில் ஏறுவதற்கு முன்னால், போத்தனூர் வீட்டைப் பூட்டிவிட்டு நாலைந்து நாள் ஊர் சுற்றக் கிளம்பிவிடுவோம். இந்த முறை பொள்ளாச்சி, ஆனைமலை என்று முடிவு செய்திருந்தோம்.

பின்னால் போவதில் எனக்கு ஒரு சௌகரியம் உண்டு. வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டே மிதிக்கலாம். நான் கோபக்காரி, அதை மறைப்பதற்கில்லை. லாட்ஜில் ஈரத்துண்டை மறந்துவிட்டு வந்தது முதல், முப்பது வருடத்துக்கு முன்னால் அவர் தங்கை கல்யாணத்தில் என்னைப் பந்தியில் கடைசியாக உட்கார வைத்தது வரை, எல்லாவற்றையும் அவர் முதுகைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போவேன். அந்த முதுகு எதற்கும் திரும்பாது. மில் சத்தத்தில் அவருடைய காது போய்விட்டது. நானாவது காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு வேலை பார்த்தேன். அவர் மிஷின் போடும் சத்தத்தை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுகிறவர், அதனால் ஒரு நாளும் பஞ்சு வைத்ததில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால் மகன் காது மெஷின் வாங்கித் தந்தான். கடையில் ஒரே ஒருமுறை மாட்டிப் பார்த்தார். உடனே கழற்றி டப்பாவில் வைத்தார், அவ்வளவுதான். ஏன் என்று கேட்டால் பதில் வராது. கல்லுளிமங்கன் என்றால் அவர்தான். "கேக்குது அம்மணி, நல்லாவே கேக்குது" என்று சாதிப்பார். டப்பா என் கைப்பையிலேயே கிடந்தது.

பயணத்தின் இரண்டாம் நாள் காலையில் அவருடைய குட்டு வெளிப்பட்டது. ஆனைமலை ரோட்டில் போய்க்கொண்டிருந்தபோது அவர் இடது கையைத் தூக்கினார். நான் மணியடிக்கவே இல்லை. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி தூக்கினார். அப்போதும் அடிக்கவில்லை. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வேண்டுமென்றே நாலு முறை மணியடித்தேன். கை ஹேண்டில்பாரை விட்டு அசையவில்லை. மனுசர் இத்தனை நாளும் எண்ணி வைத்துக்கொண்டு, இத்தனை மிதிக்கு ஒரு தரம் என்று கையைத் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டு மிதித்தேன்.

அன்று மத்தியானமே தேங்காய் லாரி வந்தது. பாலத்துக்கு முன்னால் ரோடு குறுகுகிற இடம். லாரிக்காரர் பின்னாலிருந்து ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தார். நான் மணியடித்தேன், கத்தினேன், தொண்டை கிழியக் கூப்பிட்டேன். இவர் பாட்டுக்கு ரோட்டின் நடுவை நோக்கிப் போகிறார். லாரிக்காரர் பிரேக் போட்ட வேகத்தில் நாலைந்து தேங்காய் உருண்டு ரோட்டில் விழுந்தது. ஒன்று அவருடைய சைக்கிள் சக்கரத்தில் வந்து முட்டிய பிறகுதான் திரும்பிப் பார்த்தார். லாரிக்கும் அவருக்கும் நடுவில் ஒரு கை அகலம் இருந்திருக்கும். அவர் குனிந்து தேங்காயை எடுத்து லாரிக்காரரிடம் கொடுத்துவிட்டு, "கேட்டுச்சுங்க, ஒதுங்கறதுக்குள்ள வந்துட்டீங்க" என்றார்.

சாயங்காலம் லாட்ஜின் மாடிப்படியில் நின்று மகனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன் துடியலூரில் இருக்கிறான்.

"போதுமுங்ம்மா. காதுல மெஷின் மாட்டலீன்னா இனி அப்பா சைக்கிளத் தொடக் கூடாது. நாளைக்கு வண்டி அனுப்பறேன். ரெண்டு சைக்கிளையும் ஏத்தீருங்க. இங்க வந்ததும் யாருக்காச்சும் குடுத்துப்போடலாம்" என்றான்.

"நான் எப்படிச் சொல்லுவேன் கண்ணு?"

"நீங்கதானுங்ம்மா சொல்லோணும். நான் சொன்னா அவருக்குக் கேக்காது."

அவருக்கு அந்தச் சைக்கிள் என்பது என்ன என்று எனக்குத் தெரியும். டீக்கடையில் நாலு பேர் பேசும்போது இவர் சும்மா சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கல்யாண வீட்டில் மூலையில் நாற்காலி போட்டுக்கொள்வார். சைக்கிளில் ஏறினால்தான் நிமிர்ந்து உட்காருவார். அதைப் பிடுங்க வேண்டும், பிடுங்குகிற கை என்னுடையதாக இருக்க வேண்டும். விடிகிற வரை எனக்குத் தூக்கமே இல்லை.

சரி, கடைசியாக ஒரு நாள் சந்தோசமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். கிணத்துக்கடவு வருவதற்கு முன்னால், தோப்புகளுக்கு நடுவில் ஒரு தீம் பார்க் இருக்கிறது. போகும்போதே அதன் பெரிய ராட்டினம் தென்னைகளுக்கு மேலே தெரிந்தது. வண்டியை இரண்டு மணிக்கு அந்தப் பார்க் வாசலுக்கு வரச் சொல்லிவிட்டேன். காலையில் அவர் முகத்துக்கு நேராக நின்று, வாயசைவு தெரிகிற மாதிரி, "ஏனுங்க, அந்தப் பார்க்குக்குப் போலாமுங்களா? எனக்கு ரொம்ப நாள் ஆசை" என்றேன். ஆசையெல்லாம் ஒன்றுமில்லை, பொய்தான். அவர் தலையாட்டினார்.

பொய் சொல்லிவிட்டுத்தான் போனேன், ஆனால் உள்ளே போனதும் நின்று நின்று பார்த்தேன். இவ்வளவு பெரிய இடமாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. செயற்கைக் கடல் ஒன்று கட்டியிருந்தார்கள். மில்லில் ஊதுகிற மாதிரி சங்கு ஊதினால் அலை வருகிறது. நாங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கணுக்கால் நனைகிற இடத்தில் நின்றோம். முதல் அலை முழங்காலுக்கு வந்தபோது அவர் என் முழங்கையைப் பிடித்தார், நான் அவர் சட்டையைப் பிடித்தேன். பக்கத்தில் ஒரு குடும்பமே, மாமியார் மருமகள் உட்பட, தண்ணீரில் புரண்டு கிடந்தது. மூன்று மாடி உயரத்திலிருந்து குழாய் வழியாக ஆட்கள் சறுக்கி வந்து விழுந்தார்கள். பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

அவர் வேறு விதமாகப் பார்த்தார். ஒவ்வொரு ராட்டினத்தின் பக்கத்திலும் போய் நின்று, கம்பியில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். மில்லில் மிஷின் மேல் கை வைப்பாரே, அதே மாதிரி. கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பிறகு என்னைப் பார்த்து ஆள்காட்டி விரலைச் சுற்றிக் காட்டுவார். நன்றாக ஓடுகிறது என்று அர்த்தம்.

இந்தக் கை பாசையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மில்லுக்குள் மிஷின் ஓடும்போது காதோடு வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே வேலை பார்த்த எல்லோரும் கையால்தான் பேசுவோம். விரலைச் சுற்றினால் ஓடுகிறது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் குறுக்காக வைத்தால் நிறுத்து. மீசையை முறுக்கினால் மேஸ்திரி வருகிறார். இரண்டு முஷ்டியைச் சேர்த்து வைத்து வெடுக்கென்று பிரித்தால் நூல் அறுந்துவிட்டது. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்தால் ஒட்டு. எங்கள் கல்யாணமே அப்படித்தான் முடிவானது. ஆறு மிஷினுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அவர் கேட்டார், இந்தப் பக்கம் நின்றுகொண்டு நான் சரி என்றேன். நடுவில் நின்ற முப்பது பேருக்கும் அது தெரிந்து போனது வேறு விசயம்.

பெரிய ராட்டினத்துக்கு முன்னால் வந்தபோது மணி பன்னிரண்டு. நிமிர்ந்து பார்த்தால் உச்சி தெரியவில்லை, கண் கூசியது. அவருக்கு உயரம் ஆகாது, மேலே ஏறினால் தலை சுற்றும். "நீ போய்ட்டு வா அம்மணி. ஆசைன்னு சொன்னீல்ல" என்றார். சொன்ன பொய் திரும்பி வந்து என்னைப் பிடித்துக்கொண்டது. மறுக்க முடியவில்லை.

ராட்டினத்தை ஓட்டுகிறவர் காக்கிச் சட்டை போட்ட நடுவயதுக்காரர். ஏறுகிறவர்களிடமெல்லாம், "பயமா இருந்தாக் கையக் காட்டுங்க, நிறுத்திப்போடறேன்" என்று சொல்லிக் கம்பியைப் பூட்டினார். நான் உட்கார்ந்த தொட்டியில் என் எதிரில், கழுத்தில் சிலுவைச் சங்கிலி அணிந்த ஒரு பெண் உட்கார்ந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். ராட்டினம் கிளம்புவதற்கு முன்பே "மாதாவே, மாதாவே" என்று ஆரம்பித்துவிட்டாள்.

மெதுவாக மேலே ஏறினோம். கீழே அவர் வெள்ளைச் சட்டையில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. தரையில் நின்று சொன்னால் பார்க் முழுக்கக் கேட்கிற மாதிரி நான் கத்த வேண்டும். அவரோ காதில் விழாத மாதிரி ஐஸ்கிரீம் கடையைப் பார்ப்பார். இங்கிருந்து கையால் சொன்னால் தப்பிக்க முடியாது. இத்தனை வருடத்தில் என் கை சொன்னதை அவர் புரியாதது போல நடித்ததே இல்லை. இரண்டு மணிக்கு வண்டி வந்துவிடும். சொல்கிறதை இப்போதே சொல்லிவிடலாம்.

இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் குறுக்காக வைத்தேன். நிறுத்து.

நிறுத்துங்கள், போதும், இனிச் சைக்கிள் வேண்டாம் என்று நான் அவருக்குச் சொன்னேன். காக்கிச் சட்டைக்காரர் அதைப் பார்த்துவிட்டார். கிழவி பயந்துவிட்டாள் என்று நினைத்து ஏதோ சிவப்புப் பொத்தானை அழுத்தினார். ராட்டினம் ஒரு குலுக்கு குலுக்கி, இன்னும் கொஞ்சம் ஏறி, சரியாக உச்சியில் போய் எங்களை நிறுத்தியது. அந்தப் பொத்தானை ஒருமுறை அழுத்திவிட்டால், பொறுப்பாளர் வந்து பார்த்துச் சாவி போட்டால்தான் மறுபடி ஓடுமாம். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்தது, தொட்டி ஆடுகிறது, கீழே ஒன்றுமில்லை என்பது மட்டும்தான். எதிரில் இருந்த பெண் என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள். கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் மூடியிருந்தேனோ தெரியாது. காற்று வந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, ஈரமாக, முகத்தில் கை வைத்தது போல வந்தது. கண்ணைத் திறந்தேன்.

அம்மாடி. இத்தனை வருடம் இந்த மண்ணில்தான் கிடந்தேன், இதை நான் பார்த்ததே இல்லை. தென்னைகளை எப்போதும் கீழேயிருந்துதான் பார்த்திருக்கிறேன். மேலேயிருந்து பார்த்தால் அவை வரிசை தப்பாமல், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை, புள்ளி வைத்த கோலமாக இருந்தன. தெற்கே ஆனைமலை நீலமாக, மடிப்பு மடிப்பாக, ஒன்றின் பின்னால் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தது. மேற்கே மலை விட்ட இடைவெளி தெரிந்தது. அந்த வழியாக மேகம் மந்தை மந்தையாக உள்ளே வந்துகொண்டிருந்தது. கிழக்கே காற்றாலைகள் சின்னதாகச் சுற்றின. கிணத்துக்கடவு மலைக்கோயில் ஒரு கைப்பிடிக் கல்லாகத் தெரிந்தது. நடுவில் கறுப்புக் கோடாக ரோடு, மூன்று நாளாக நாங்கள் மூச்சு வாங்கி மிதித்த ரோடு. ஒரு லாரி அதில் எறும்பாக ஊர்ந்தது. இந்த இரண்டு கிழங்களும் இவ்வளவு தூரமா மிதித்து வந்தோம் என்று மலைப்பாக இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பயத்தில் இல்லை.

கீழே ஒரே கூட்டம். காக்கிச் சட்டைக்காரர் வாயில் கையைக் குவித்துக் கத்தினார், ஒலிபெருக்கியை எடுத்துக் கத்தினார். அலைக்குளத்துப் பாட்டுச் சத்தத்திலும் காற்றிலும் ஒரு வார்த்தை மேலே வரவில்லை. மற்ற தொட்டிகளில் இருந்தவர்கள் கீழே பார்த்துக் கத்தினார்கள். அதுவும் போய்ச் சேரவில்லை. அந்த உயரத்தில் எல்லோருடைய காதும் அவருடைய காது போலவே ஆகிவிட்டது.

அவர் மட்டும் காக்கிச் சட்டைக்காரரின் வாயசைவைப் பார்த்து ஏதோ கேட்டுவிட்டு, கூட்டத்தை விட்டு விலகி, வெயிலில் தனியாக வந்து நின்றார். கையைத் தூக்கினார். பத்து விரல் காட்டினார், விரலைச் சுற்றினார். பத்து நிமிடத்தில் ஓடும். பிறகு உள்ளங்கையை மெல்லக் கீழே இறக்கினார். ஒன்றுமில்லை, சும்மா உட்கார்.

நான் எதிரில் இருந்த பெண்ணிடம் சொன்னேன். "பத்து நிமிசத்துல ஓடுமாம். பயப்பட வேண்டாம்னு சொல்றார்."

"யாருங்க்கா சொல்றது?"

"அதோ, வெள்ளச் சட்டை. என்ர ஊட்டுக்காரர்."

அவள் அவரைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். மாதாவைக் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். அடுத்த தொட்டிக்காரர்களுக்கு அவள் திரும்பிச் சொன்னாள், அவர்கள் அடுத்த தொட்டிக்குச் சொன்னார்கள். கத்தல் ஒவ்வொன்றாக அடங்கியது. காது கேட்காத மனுசர் ஒருத்தர்தான் அன்றைக்கு அந்த ராட்டினத்துக்கே போன் கம்பியாக நின்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது. முந்தின நாள் லாரிக்கு முன்னால் நின்ற அதே மனுசர்தான்.

அப்புறம் அவர் கேட்டார். ராட்டினத்தைச் சுட்டிக் காட்டினார், தன் கையைக் குறுக்காக வைத்தார், புருவத்தைத் தூக்கினார். இதையா நிறுத்தச் சொன்னாய்?

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பயந்துவிட்டேன் என்று சொன்னால் நம்பியிருப்பார், அதோடு போயிருக்கும். நான் தலையை ஆட்டினேன். இல்லை. இரண்டு முஷ்டியையும் முன்னால் நீட்டி ஹேண்டில்பாரைப் பிடித்துக் காட்டினேன். பிறகு கையைக் குறுக்காக வைத்தேன். சைக்கிளை நிறுத்து.

அவர் கை இரண்டும் தொங்கிவிட்டது. பிறகு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். கையால் பேசுகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய மறுப்பு கிடையாது. பார்க்காவிட்டால் பேச்சு முடிந்தது. அத்தனை உயரத்தில் உட்கார்ந்துகொண்டு அந்த முதுகை நான் பார்த்தேன். மூன்று நாளாகப் பார்த்துத் திட்டிக்கொண்டே வந்த முதுகு. செய்யக்கூடாததைச் செய்துவிட்டோம் என்று தோன்றியது. இறங்கிப் போய்க் காலில் விழலாம் போல இருந்தது, இறங்கத்தான் வழியில்லை.

மறுபடியும் அவர் திரும்பினார்.

எங்கள் பாசையில் ஒரு குறை உண்டு. மில்லில் யாருக்குமே எதுவும் கேட்காது. அதனால் கேட்கவில்லை என்று சொல்வதற்கு எங்களிடம் சைகையே கிடையாது, யாருக்கும் அது தேவைப்படவில்லை. அவர் இடது காதைத் தொட்டார். வலது காதைத் தொட்டார். இரண்டு முஷ்டியையும் நெஞ்சுக்கு நேராகச் சேர்த்து வைத்து, வெடுக்கென்று பிரித்தார்.

காது. நூல் அறுந்துவிட்டது.

எட்டு மாதமாக, இல்லை, எத்தனையோ வருடமாக அவர் வாயால் சொல்லாததை, அவ்வளவு பேர் பார்க்க நட்டநடு வெயிலில் நின்று கையால் சொல்லிவிட்டார். சுற்றி நின்றவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

நூல் அறுந்தால் என் வேலை என்ன? கையை நன்றாக உயர்த்தி, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்துக் காட்டினேன். ஒட்டலாம்.

அவர் யோசித்தார். பிறகு காதைத் தொட்டு, உள்ளங்கையை மேலே பார்த்து நீட்டினார். கொடு.

டப்பா என் மடியில் கைப்பைக்குள் இருந்தது. பையைத் தூக்கிக் காட்டினேன். தூக்கிப் போடு என்பது போல அவர் சேலைத் தலைப்பை ஏந்துகிற மாதிரி சட்டை முனையை ஏந்திக் காட்டினார். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதிரில் இருந்த பெண் "என்னங்க்கா சொல்றார்?" என்றாள். "ஒண்ணுமில்ல கண்ணு, வெளையாடறார்" என்றேன்.

ராட்டினம் ஓடி, நான் தரையில் இறங்கினேன். அவர் வந்து கையைப் பிடித்து ஒரு வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார வைத்தார். நான் டப்பாவைத் திறந்து மெஷினைக் கையில் எடுத்ததும், கொஞ்சம் இரு என்பது போலத் தடுத்தார்.

"அன்னைக்குக் கடைல மாட்டினப்ப நீ பேசுனீல்ல. உன்ர கொரல் தகரத்துல தட்டுனாப்பல கேட்டுச்சு. அது உன்ர கொரல் இல்ல அம்மணி. என்ர மண்டைக்குள்ள உன்ர பழய கொரல் நல்லா இருக்குது. இதைக் கேட்டுக் கேட்டு அது மறந்துபோச்சுன்னா என்ன பண்றதுன்னு விட்டுப்போட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து சொன்னேன். "எட்டு மாசம். இதைச் சொல்றதுக்கு எட்டு மாசமா உங்களுக்கு? என்ர கொரலே இப்பத் தகரந்தானுங்க. வயசாச்சு. பழய கொரல் எனக்கே ஞாபகமில்ல."

அவர் சிரித்தார். காதை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நானே மாட்டிவிட்டேன். சின்னப் பொத்தானைத் திருகினேன். அவர் முகம் முதலில் சுளித்தது. பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி மரத்தைப் பார்த்தார். வேப்பிலை அசைந்துகொண்டிருந்தது. எனக்கு அதில் சத்தமே தெரியவில்லை, அவ்வளவு பழக்கமான சத்தம். அவர் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அலைக்குளத்துச் சங்கு ஊதியது, அந்தப் பக்கம் திரும்பினார். யாரோ தண்ணீரில் விழுந்து சிரித்தார்கள், அந்தப் பக்கம் திரும்பினார். ஐஸ்கிரீம் கடைக் குளிர்பெட்டி உறுமியது, அதற்கும் திரும்பினார். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். ராட்டினத்தின் உச்சியில் நான் பார்த்ததற்கு இது கொஞ்சமும் குறைச்சலில்லை.

போகும்போது காக்கிச் சட்டைக்காரரிடம் நின்றார். "ஏனுங்க, பத்தாவது தொட்டி வரும்போது ஒரு கீச்சுச் சத்தம் வருது. கிரீஸ் வெக்கோணுமுங்க." அந்த மனுசர் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, ஆமாங்கய்யா என்றார். இவர் நடையே மாறிவிட்டது.

வாசலில் வண்டி நின்றுகொண்டிருந்தது. டிரைவர் பின்கதவைத் திறந்து வைத்திருந்தார். நான் மகனுக்குப் போன் போட்டேன். "அப்பா மாட்டிக்கிட்டார் கண்ணு. சைக்கிள் வராது, பை மட்டும் வருது" என்றேன். அவன் நம்பவில்லை. போனை அவரிடம் கொடுத்தேன். அவன் என்ன சொன்னானோ, இவர், "கத்தாத சாமி, கேக்குது" என்றார்.

மெயின் ரோட்டை விட்டுவிட்டு, ஊர்களுக்குள் போகிற சின்ன ரோட்டைப் பிடித்தோம். வெயில் சாய்ந்திருந்தது. ஒரு டிராக்டர் வந்தது, மணியடித்தேன், கை தூக்கினார். ஒரு பஸ் வந்தது, நான் மணியடிப்பதற்கு முன்பே ஒதுங்கினார். பிறகு ரோடு காலியாகிவிட்டது. இரண்டு பக்கமும் தோப்பு, சக்கரம் உருளும் சத்தம் மட்டும்.

பழக்க தோசம், நான் அந்த முதுகைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிட்டேன். எட்டு மாதத்தைச் சொன்னேன், எண்ணி எண்ணிக் கை தூக்கின கள்ளத்தனத்தைச் சொன்னேன். சொல்லிக்கொண்டே வந்தவள், என்னையறியாமல் வேறொன்றைச் சொன்னேன். சத்தமாகக் கூட இல்லை, எனக்கு நானே சொல்லிக்கொள்கிற மாதிரிதான்.

"நேத்து அந்த லாரில உங்களுக்கு ஒண்ணு ஆயிருந்தா நான் என்னங்க பண்ணியிருப்பேன்."

மணி நான் அடிக்கவில்லை. வண்டி எதுவும் வரவில்லை. முன்னால் அவருடைய இடது கை மேலே போனது. ரொம்ப தூரம் வரைக்கும் அவர் அதை இறக்கவில்லை.